கூரைச் சாளரமும் அதன் விலையும்

"வீட்டின் நடு அறையிலே நண்பகற் பொழுதிலும் விளக்கேற்ற வேண்டியிருக்கின்றது. கூரையில் ஒரு துளையிட்டுக் கண்ணாடி பதித்தால் என்ன செலவாகும்?" இவ்வினாவை என்னிடம் கேட்டோர் பலர். கேட்போர் அனைவரும் எதிர்பார்ப்பது ஒரு தொகை. கண்ணாடி சதுர அடி இவ்வளவு, கொத்தனார் கூலி இவ்வளவு என்று கூட்டிச் சொல்லிவிட்டால் அவர்கள் மனம் அமைதியடைந்து வீட்டிற்குச் செல்வர். யானும் முன்னர் அவ்வாறே சொல்லிவந்தேன். வைத்திக்குப்பத்திலுள்ள என் நண்பர் ஒருவரின் வீட்டில் நிகழ்ந்ததைக் கண்ட பின்னர் அவ்வாறு சொல்வதை விட்டொழித்தேன். அதன் காரணத்தை நம் கல்லூரி அன்பர்க்கு விளக்கிக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கூரைச் சாளரம் என்று யான் எழுதுவதைக் கொத்தனார் எவரும் அப்பெயரால் வழங்குவதில்லை. அவர்க்கு அது "ஸ்கைலைட்டு". ஓட்டு வீட்டுக்காரர் "கண்ணாடி ஓடு" என்பர். பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே: சுவரின் வழியாக வெளிச்சம் புகமுடியாத வீட்டிற்குத் தலைக்குமேல் வழி திறந்துவிடுதல்.

சுவரின் வழியாகப் புகமுடியாமை ஏன் நேர்கின்றது என்பதற்கு வைத்திக்குப்பம் நல்ல சான்று. புதுவை நகரின் பிரெஞ்சுத் தெருக்களைக் கடந்து கடலை வலப்புறமாக வைத்து வடக்கே சென்றால் முதலில் குருசுக்குப்பமும் அதனையடுத்து வைத்திக்குப்பமும் வருகின்றன. மாசி மகத்தன்று பல ஊர்த் தெய்வங்களும் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் கடற்கரை இதுவே. ஆண்டிற்கு ஒருநாள் பெருங்கூட்டம் கூடும் அவ்விடத்தில் எஞ்சிய நாள்களில் வலையும் படகும் மீனுமே காட்சி. கடற்றொழில் செய்வோர் கடலை விட்டு விலகிக் குடியிருத்தல் இயலாது. ஆகவே இருக்கும் சிறு நிலத்திலேயே தலைமுறைதோறும் பங்கு பிரிகின்றது. ஒரு மனை இரண்டாகவும் இரண்டு நான்காகவும் பிரிந்து, அகலம் குறைந்து நீளம் மட்டும் எஞ்சிய வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. கீற்றுக்கூரை இருந்த காலத்தில் குடிசைக்குக் குடிசை சிறிதேனும் இடைவெளி இருந்தது. சிமெண்டுக் கூரை வந்தபின் அவ்விடைவெளியும் சுவருக்குள் அடங்கிவிட்டது.

என் நண்பரின் வீடு 12 அடி அகலமும் 45 அடி நீளமும் உடையது. இருபக்கச் சுவர்களும் அண்டைவீட்டாரோடு பொதுவானவை. கிழக்கே தெருவாசல், மேற்கே சமையலறையும் அதற்கப்பால் ஒரு சிறு கொல்லையும். நடுவிலுள்ள அறைக்கு இருபுறத்து அறைகளின் வழியாக வருகின்ற வெளிச்சத்தையன்றி வேறு வெளிச்சமில்லை. அவர் தந்தையார் வயது முதிர்ந்து கடலுக்குச் செல்வதை நிறுத்திய பின்னர், கிழிந்த வலைகளைப் பொத்திக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர். முன்னறையில் பிள்ளைகளும் வருவோர் போவோரும் நிறைந்திருப்பதால் அவர் அமர்வது நடு அறையில். நைலான் நூலின் நிறமும் அறையின் இருளும் ஒன்றாயிருக்க, அவர் கண்ணால் காண்பதைவிட விரலால் தடவியே கண்ணிகளை எண்ணிவந்தார். விளக்கைப் போட்டுக்கொள்ளலாமே என்றால், "பகலிலே விளக்கா?" என்பார். அத்தலைமுறையினர்க்கு அது வெறும் சிக்கனமன்று, முறைகேடு.

நம் முன்னோர் இவ்விடரை எவ்வாறு தீர்த்தனர் என்பது யாவரும் அறிந்ததே. வீட்டின் நடுவிலே கூரையில்லாத ஓர் இடத்தை விட்டு, அதனை முற்றம் என்றனர். புதுவையின் தமிழர் தெருக்களில் எஞ்சியுள்ள பழைய வீடுகளில் இன்றும் அதனைக் காணலாம். 18-ஆம் நூற்றாண்டில் நாட்குறிப்பெழுதிப் புகழ்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையிலும், கீழ்த்தளத்தில் மரத்தூண்கள் சூழ முற்றமே வீட்டின் நெஞ்சாக விளங்குகின்றது. வெயிலும் மழையும் நிலவும் வீட்டிற்குள் வருவதற்கு அனுமதி பெற்ற இடம் அது. உரோமாபுரியிலே கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் எழுந்த பந்தியன் என்னும் கோயிலின் குவிமாட உச்சியிலும் ஏறத்தாழ 27 அடி குறுக்களவுள்ள வட்டத்துளை ஒன்று திறந்தே கிடக்கின்றது. அதற்குக் கண்ணாடி கிடையாது. மழை உள்ளே பெய்கின்றது. தரையிலுள்ள சிறு துளைகள் வழியே வடிந்துபோகின்றது. நீரைத் தடுக்க முயலாது, வந்த நீருக்குப் போகும் வழி வகுத்தவன் அறிவாளி என்பதற்கு அக்கோயிலும் நம் முற்றமும் ஒருங்கே சாட்சி. ஆயினும் முற்றத்திற்கும் ஒரு விலை உண்டு. அது நிலம். 12 அடி அகல வீட்டில் முற்றத்திற்கு இடம் விடுவதென்றால் ஓர் அறையையே இழக்கவேண்டும்.

ஓட்டு வீட்டார் கண்ட வழி இதனினும் எளிது. 1865-ஆம் ஆண்டில் பாசல் மிஷனைச் சார்ந்த பிளெப்ஸ்டு என்பார் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கிய பின்னர், ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் தட்டையோடுகள் தென்னாடெங்கும் பரவின. அவ்வோட்டின் அச்சிலேயே கண்ணாடியாலும் ஓடுகள் வார்க்கப்பட்டன. ஒரு மண்ணோட்டை எடுத்துவிட்டு அவ்விடத்தில் ஒரு கண்ணாடி ஓட்டைச் செருகினால் வேலை முடிந்தது. கூரையை வெட்டவேண்டுவதில்லை, பசை பூசவேண்டுவதில்லை. சரிந்த கூரையாதலின் நீர் தானே வழிந்தோடும். கூரைச் சாளரங்களுள் இதனைவிடச் செலவு குறைந்ததும் பழுது குறைந்ததும் வேறில்லை என்பது என் துணிபு. ஓட்டு வீடு வைத்திருப்போர் இக்கட்டுரையை இவ்விடத்திலேயே மூடிவிட்டுக் கடைக்குச் சென்று இரண்டு கண்ணாடி ஓடுகள் வாங்கி வரலாம்.

வெளிச்சத்திற்கு அரசாங்கமே விலை விதித்த காலமும் ஒன்றிருந்தது. இங்கிலாந்தில் 1696-ஆம் ஆண்டு முதல் 1851-ஆம் ஆண்டு வரை வீட்டின் சன்னல்களை எண்ணி வரி வாங்கினர். பிரான்சிலே 1798-இல் கதவுகளுக்கும் சன்னல்களுக்கும் வரி விதித்தனர். அவ்வரி 1926-ஆம் ஆண்டிலேதான் முற்றும் ஒழிந்தது. வரிக்கு அஞ்சிய ஏழைகள் சன்னலில்லாத வீடுகளில் வாழ்ந்ததையும், ஒரே வாசலன்றி வேறு திறப்பில்லாத குடில்கள் பெருகியதையும் விக்தோர் உய்கோ தமது பெருங்கதையில் ஓர் ஆயரின் வாய்மொழியாகக் கூறி வருந்துகின்றார். அத்தகைய வரி இன்று நம்மிடம் வாங்குவாரில்லை. எனினும் தட்டைக் கூரையில் துளையிடுவோனிடம் வரி வாங்க வெயிலும் மழையும் காத்திருக்கின்றன என்பதை என் நண்பர் அறிந்திலர். அவருக்கு யோசனை சொன்ன யானும் அறிந்திலேன்.

நிற்க. 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் நடு அறையின் கூரையில் நான்கடிக்கு நான்கடி அளவில் ஒரு துளை வெட்டுவித்தார். "வெட்டுவதுதான் வெட்டுகிறோம், பெரிதாகவே வெட்டிவிடுவோம்" என்பது வேலைக்காரர் சொன்ன சொல். எங்களுக்கும் அது நியாயமாகவே தோன்றிற்று. இயந்திரம் வைத்துத் தளத்தை வெட்டியதற்கு 6,000 ரூபாய், இரும்புச் சட்டத்திற்கு 5,500, பாலிகார்பனேட்டுத் தகட்டிற்கு 2,000, சிமெண்டுப் பூச்சிற்கும் கூலிக்கும் 3,500. ஆக 17,000 ரூபாய். வெளிச்சத்தை உள்ளே விடுகின்ற பொருள் எதுவோ அதன் விலை மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கிற்கும் குறைவு என்பதை வாசகர் கருதுக. கண்ணாடியின் விலையைக் கேட்டு வீட்டின் செலவை மதிப்பிடுவது, திரியின் விலையைக் கேட்டுக் குத்துவிளக்கை மதிப்பிடுவதை ஒக்கும்.

முதல் இரண்டு மாதங்களும் மகிழ்ச்சியாகவே கழிந்தன. முதியவர் ஒளிவட்டத்தின் நடுவே அமர்ந்து வலை பொத்தினார். ஏப்ரல் பிறந்தது. புதுவை நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 12 பாகையில் உள்ளது. ஆதலின் ஏப்ரல் 21-ஆம் நாளை ஒட்டியும், மீண்டும் ஆகஸ்டு 22-ஆம் நாளை ஒட்டியும் நண்பகற் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே நிற்கின்றான். அவ்வேளையில் ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் விழும் வெயிலின் ஆற்றல் ஏறத்தாழ 1,000 வாட்டு. நண்பரின் கூரைத்துளை ஒன்றரைச் சதுர மீட்டர். தகடு தடுத்தது போக எஞ்சியதைக் கணக்கிட்டால், ஓர் இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றி அறையின் நடுவே நாள்தோறும் நண்பகலில் வைத்ததற்குச் சற்று மிகையாகவே வருகின்றது. மின்விசிறி அவ்வெப்பத்தைச் சுழற்றிற்றேயன்றித் தணிக்கவில்லை. முதியவர் தம் வலையை எடுத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார். மே மாதத்தில் தகட்டின்மேல் ஒரு பழைய பாயை விரித்துவிட்டனர். பதினேழாயிரம் ரூபாய் செலவிட்டுத் திறந்த வழியைப் பாயால் மூடிய வேடிக்கையை எண்ணி இன்றும் நாங்கள் நகைப்பதுண்டு.

மழையைப் பற்றி நகைத்தற்கில்லை. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவில் பெஞ்சல் என்னும் புயல் புதுவைக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரு நாளைக்குள் நகரில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. இவ்வளவு மழை ஒருங்கே பெய்ததை ஊரிலுள்ள முதியோரும் கண்டதில்லை என்றனர். கணக்கை நோக்குக. அத்தகட்டின்மேல் மட்டும் விழுந்த நீர் ஏறத்தாழ 700 லிட்டர். வீட்டின் மொட்டைமாடி முழுவதிலும் விழுந்தது ஏறத்தாழ 24,000 லிட்டர். இவ்வளவு நீரும் மூலையிலிருந்த ஒரே குழாயின் வழியாக இறங்கவேண்டும். அக்குழாயின் வாயைத் தென்னங்கீற்றும் குப்பையும் அடைத்துக்கொண்டன. மாடியில் நீர் தேங்கிற்று. துளையைச் சுற்றிக் கட்டியிருந்த விளிம்பின் உயரமோ இரண்டே அங்குலம். நீர் அவ்விளிம்பை எட்டிய கணத்தில், தகட்டிற்கும் சட்டத்திற்கும் இடையே பூசியிருந்த பசை எதற்கும் பயன்படவில்லை. ஒன்றரை ஆண்டு வெயிலில் அது காய்ந்து வெடித்திருந்தது. மின்சாரமும் இல்லாத அவ்விரவில் நடு அறையில் கணுக்கால் அளவு நீர் நின்றது. இரண்டு மெத்தைகளும், பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்களும், பொத்தி முடித்துக் கட்டி வைத்திருந்த பிறருடைய வலைகளும் அந்நீரில் கிடந்தன. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையைக் கண்ட குடும்பம் அது. அன்று கடல் வாசல் வழியாக வந்தது. இன்று நாமே வழி வைத்துக் கொடுத்தோம் என்று நண்பரின் மனைவியார் கூறிய சொல் எனக்கு உறைத்தது.

தவறு எங்கே நேர்ந்தது? வேலை செய்தவரை மட்டும் குறைகூறுதல் நேர்மையன்று. முதற்பெருந் தவறு அளவில். எத்துணை வெளிச்சம் வேண்டும் என்று எவரும் கணக்கிடவில்லை. வெளிச்சத்தின் அளவை லூமன் என்பர்; ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமன் விழுந்தால் அதனை ஒரு லக்ஸ் என்பர். நூல் படிப்பதற்கு 300 லக்ஸ் இருந்தால் போதுமானது. வெளியே தெளிந்த வானத்தில் நண்பகல் வெயிலின் வெளிச்சமோ 1,00,000 லக்ஸ். மேகம் மூடிய நாளிலும் 10,000 லக்ஸ் வரை இருக்கும். ஆகவே ஓரடிக்கு ஓரடி அளவுள்ள ஒரு கண்ணாடித் துண்டின் மேல் நேர்வெயில் பட்டால் அது உள்ளே அனுப்பும் வெளிச்சம் 7,000 லூமனுக்கும் மேல். மூன்று குழல் விளக்குகளுக்கு ஈடு. மேகமூட்டத்திலும் பழைய 60 வாட்டு பல்புக்கு அது குறைவுபடாது. நண்பரின் நடு அறைக்கு வேண்டியிருந்தது இரண்டு மூன்று சதுர அடி, வெட்டியது பதினாறு. வேண்டாத பதின்மூன்றும் வெப்பத்திற்கும் மழைக்கும் கொடுத்த இடமேயாம்.

சிறிய துளை எவ்வளவு செய்யும் என்பதற்கு இவ்விடத்தில் ஒரு செய்தி கூறுதல் பொருந்தும். பிரேசில் நாட்டிலே உபெராபா என்னும் ஊரில் அல்பிரேதோ மோசர் என்ற இயந்திரத் தொழிலாளர், 2002-ஆம் ஆண்டில், அடிக்கடி மின்சாரம் நின்றுபோவதைக் கண்டு ஒரு வழி செய்தார். பிளாஸ்டிக்குப் புட்டியொன்றில் தெளிந்த நீரை நிரப்பி, பாசி பிடியாதிருக்கச் சிறிது வெளுப்புமருந்தைக் கலந்து, தகரக் கூரையில் புட்டியளவே துளையிட்டு, பாதி மேலும் பாதி கீழுமாகச் செருகிப் பசையிட்டு அடைத்தார். மேலே படும் வெயில் நீரினுள் முறிந்து நாற்புறமும் பரவ, அறை நடுவே ஒரு பல்பு தொங்குவதுபோல் ஒளிர்ந்தது. 2011-ஆம் ஆண்டு முதல் பிலிப்பைன் தீவுகளில் இம்முறை பெருவழக்காகிப் பின்னர்ப் பல நாடுகளுக்கும் பரவிற்று. அதன் வெளிச்சம் 40 முதல் 60 வாட்டு பல்பின் அளவு என்று கணித்துள்ளனர். செலவு என்று சொல்லத்தக்கது பசைக்கு மட்டுமே. தகரமோ சிமெண்டுத் தகடோ வேய்ந்த வீடுகளுக்கு இஃது ஏற்றது; தடித்த தளத்திற்கு உதவாது.

இரண்டாம் தவறு திசை. மேனோக்கிய கண்ணாடி, வெயில் மிகுந்த மாதத்தில் வெயிலை முழுதும் வாங்கிக்கொள்கின்றது. வெயில் குறைந்த மார்கழியில் குறைவாகவே பெறுகின்றது. நமக்கு வேண்டுவது இதற்கு நேர் மாறானது. குளிர்நாட்டார் தம் வீட்டுக்குச் செய்துகொள்வதை நாம் அப்படியே பெயர்த்து நடுதல் பொருந்தாமைக்கு இதுவே காரணம். அவர்க்கு வெயில் விருந்தாளி, நமக்கோ அது விரட்டினும் போகாத உறவினன். ஆதலின் 2025-ஆம் ஆண்டில் பழுது நீக்கியபோது நாங்கள் செய்தது இது: பெருந்துளையை மீண்டும் கம்பி கட்டி அடைத்து, நடுவே ஒன்றரையடிக்கு மூன்றடி மட்டும் விட்டோம். அதன்மேல் செங்கல்லால் கூண்டு ஒன்று எழுப்பி, மேலே சிமெண்டுப் பலகையால் மூடி, வடக்கு முகத்தில் மட்டும் கண்ணாடியை நிமிர்ந்து நிற்குமாறு பதித்தோம். கூண்டின் உட்புறத்திற்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தோம். வடக்கு வானின் வெளிச்சம் வெண்சுவரில் பட்டுக் கீழே இறங்குகின்றது, வெயில் இறங்குவதில்லை.

ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்டு வரை சூரியன் வடக்கே சாய்வதால் அப்பொழுது வெயில் வடக்குக் கண்ணாடியில் படாதோ என்று கேட்கலாம். படும். ஆனால் ஜூன் 21-ஆம் நாளிலும் நண்பகற் சூரியன் உச்சியிலிருந்து வடக்கே விலகுவது பதினொன்றரைப் பாகை மட்டுமே. ஒன்றரையடி உயரக் கண்ணாடியை அந்த வெயிலினின்று காக்க, மேற்பலகை நான்கு அங்குலம் முன்னே நீண்டிருந்தால் போதும். நாங்கள் மழையையும் கருதி ஓரடி நீட்டினோம். வடகிழக்குப் பருவமழை அம்முகத்தையே அறைகின்றது என்பது உண்மைதான். எனினும் நிமிர்ந்த கண்ணாடியில் நீர் நிற்பதில்லை. நில்லாத நீர் கசிவதும் அரிது. விளிம்பின் உயரமோ இப்பொழுது ஓரடி. குழாயடைத்து மாடி குளமானாலும் நீர் அதனை எட்டுமுன் கைப்பிடிச் சுவரிலிருக்கும் துளைகளின் வழியே தெருவில் வழிந்துவிடும்; அத்துளைகளையும் அப்பொழுதே இடுவித்தோம்.

இப்பழுது நீக்கத்திற்கு ஆன செலவு 26,000 ரூபாய். முன்னர் ஆனதையும், புயலில் அழிந்த பொருள்களுக்கு ஈடாக வாங்கியவற்றையும் கூட்டினால் ஐம்பதாயிரத்திற்குச் சற்றுக் குறைவு. முதலிலேயே இவ்வண்ணம் செய்திருப்பின் இருபதாயிரத்திற்குள் முடிந்திருக்கும். முன்பு துளை வெட்டியபோது ஒவ்வொரு திசையிலும் எட்டு எட்டாகக் கம்பிகள் அறுபட்டன. கம்பியறுந்த தளத்தைச் சுற்றிலும் புதுக்கம்பி வைத்து வலுப்படுத்தாமல் விட்டிருந்தனர். தளம் விரிசல் விடாதிருந்தது எங்கள் நல்வாய்ப்பே. இத்துறையில் பயின்ற ஒருவரை அழைத்துத் தளத்தைக் காட்டிவிட்டு வெட்டுவது எத்துணைச் சிறு துளைக்கும் தகும்.

பழைய மெத்தை வீடுகளைப் பற்றியும் ஒரு சொல். மரவிட்டங்களைச் சிறு இடைவெளி விட்டுப் பரப்பி, அவற்றின்மேல் செங்கல்லைச் சாய்வாகக் குத்தி அடுக்கிச் சுண்ணாம்புக் காரையிட்டு, அதன்மேல் செங்கற்சல்லியைக் கொட்டி அடித்து இறுக்கிய தளம் புதுவையிலும் சென்னையிலும் மிகுதி. அதில் இரு விட்டங்களுக்கு நடுவே மட்டும், விட்டத்தைத் தொடாமல், ஒடுங்கிய நீண்ட துளையிடலாம். விட்டத்தை அறுப்பவன் வீட்டையே அறுக்கின்றான். அத்தகைய காரைவேலை தெரிந்த கொத்தனார் இப்பொழுது அரியராதலின் கூலியும் மிகுதியாகும்.

கண்ணாடியைத் தேர்ந்தெடுப்பதிலும் கருத்து வேண்டும். தலைக்குமேல் வைப்பதற்கு இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே மெல்லிய படலம் வைத்து ஒட்டிய வகையே ஏற்றது. உடைந்தாலும் அது கீழே கொட்டாது. வெப்பமூட்டி வலுவேற்றிய கண்ணாடி, உடையும்போது பொடிப்பொடியாகத் தலைமேல் விழும். தென்னை மரத்தின் கீழுள்ள வீட்டில் இவ்வேறுபாடு சிறிதன்று. வைத்திக்குப்பத்து மாடிகளில் கருவாடு காய்கின்றது, வலை உலர்கின்றது, மாசி மகத்தன்று உறவினர் கூட்டமும் ஏறி நிற்கின்றது. தட்டையாகக் கிடக்கும் தகட்டின்மேல் எவரேனும் காலை வைத்துவிடுதல் இயல்பே. நிமிர்ந்த கூண்டிற்கு அவ்விடர் இல்லை. இரும்புச் சட்டம் கடற்காற்றில் சில ஆண்டுகளுக்குள் செதில் செதிலாய் உதிர்கின்றது. அலுமினியமோ நல்ல தேக்கோ சற்று விலை மிகுந்ததாயினும் முடிவில் மலிவு. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயலில் இக்கரையோரத்தில் பறந்துபோன கூரைத் தகடுகளைக் கண்டவர்க்குத் திருகாணிகளை எண்ணிப் பார்க்கும்படி யான் சொல்லவேண்டுவதில்லை.

இத்தனைக்கும் மேலாக ஒரு விலை உண்டு. அதனை எந்தக் கொத்தனாரும் சீட்டில் எழுதுவதில்லை. கூரைச் சாளரத்திற்கு மேலே வானம் இருக்கவேண்டும். ஒட்டி நெருங்கிய மனைகளில், மகனுக்குத் திருமணம் நிகழ்ந்தால் மேலே ஓர் அறை கட்டுவதே வழக்கம், வேறிடம் இல்லை. என் நண்பர்க்குத் தம்பி ஒருவர் இருக்கின்றார். கீழ்த்தளம் அண்ணனுக்கு, மேல்தளம் தம்பிக்கு என்பது அவர்கள் வாய்மொழியாகச் செய்துகொண்ட ஏற்பாடு. கூண்டு எழுந்தபோது தம்பியின் மனைவியார் முகம் வாடிற்று. காரணம் கேட்கவேண்டியிராது. அண்ணன் வீட்டு வெளிச்சம் தம்பி வீட்டின் நடுத்தரை அன்றோ? பல நாள் பேச்சிற்குப்பின் ஒரு முடிவு செய்தனர். மேலே கட்டும்போது கூண்டின் நான்கு சுவர்களையும் அப்படியே உயர்த்தி, மேல்தள அறையின் மூலையில் ஒரு புகைபோக்கியைப் போல் கூரைக்கு மேலே கொண்டுசெல்வது. அதன் பக்கத்தில் ஒரு சிறு கண்ணாடி வைத்து மேலறைக்கும் வெளிச்சம் கொடுப்பது. பளபளப்பான உலோகத் தகட்டை உட்புறம் பதித்த ஒளிக்குழாய்கள் மேனாடுகளில் இதற்கெனவே விற்கப்படுகின்றன. வெண்சுண்ணாம்புச் சுவர் அவ்வளவு கொண்டுசெல்லாது. எனினும் ஒன்றுமில்லாமைக்கு அது மேல். மேலறையில் இழக்கும் இடம் நாலரைச் சதுர அடியும் சுவரின் தடிப்பும். தம்பி அதற்கு இசைந்தார்.

கூரையை வெட்டாமலே வெளிச்சம் பெறுதற்குப் புதுவையிலேயே ஒரு சிறந்த சான்று இருக்கின்றது. அரவிந்தர் ஆசிரமத்தினர்க்காக அந்தோனின் ரேமண்டு என்னும் சிற்பி வரைந்து, 1930-களின் பிற்பகுதியில் தொடங்கி 1940-களில் கட்டிமுடித்த கோல்கொண்டா என்னும் விடுதி அது. அங்கே கண்ணாடிச் சன்னலே கிடையாது. சுவருக்கு மாறாகத் திருப்பத்தக்க கிடைப்பலகைகளை வரிசையாக நிறுத்தி, வெயிலைத் தடுத்து வெளிச்சத்தையும் காற்றையும் மட்டும் விடுகின்றனர். கூரைக்குமேல் வளைந்த ஓடுகளால் இரண்டாம் கூரை அமைத்து இடையே காற்றோட்டம் விட்டிருக்கின்றனர். நாற்புறமும் தோட்டம் சூழ்ந்த அக்கட்டடத்திற்கு அது இயலும். இருபுறமும் அண்டைவீட்டுச் சுவரையுடைய குப்பத்து வீட்டிற்கு மேற்கூரையன்றி வழியில்லை.

இனி, மின்செலவு மீதமாகாதோ என்று வினவுவோர்க்கு விடை. 20 வாட்டுக் குழல் விளக்கொன்று நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் எரிந்தால் ஆண்டிற்கு 73 யூனிட்டு. யூனிட்டு நான்கு ரூபாய் என்று வைத்தாலும் ஆண்டிற்கு 292 ரூபாய். நண்பர் முதலில் செலவிட்ட 17,000 ரூபாய் இம்மீதத்தினால் திரும்பிவர ஐம்பத்தெட்டு ஆண்டுகள் வேண்டும். மின்கட்டணத்தைக் குறைப்பதற்காகக் கூரையை வெட்ட எண்ணுபவர் வெட்டாதிருப்பதே நன்று, நல்ல எல்.இ.டி. விளக்கொன்றைப் போட்டுக்கொள்க. இக்கணக்கை யான் நண்பரிடம் காட்டியபோது அவர் மறுக்கவில்லை. தம் தந்தையார் பகலில் விளக்கேற்ற இசைவதில்லை என்ற ஒன்றையே கூறினார்.

இப்பொழுது அவ்வறைக்குள் வருகின்ற வெளிச்சம் ஒரு குழல் விளக்கின் அளவே. மாலை ஐந்தரைக்கு மங்கத் தொடங்குகின்றது. முதியவர் கூண்டிற்கு நேர் கீழே அமராமல், தெற்குச் சுவரில் சாய்ந்து வடக்கு நோக்கி அமர்கின்றார். அவ்விடத்தில்தான் நூல் தெளிவாகத் தெரிகின்றதாம். கடந்த முறை யான் சென்றபோது ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டு, குழாய் வாயில் சேர்ந்த குப்பையை எடுத்துவிட்டீர்களா என்று மகனைக் கேட்கும்படி சொன்னார்.